அக்காவுக்குப் பின்னால் நின்றவர்

பேய் கண்டேன், ஆவி கண்டேன் என்று யாராவது கதை தொடங்கினால் எழும்பிப் போய்விடுகிற ஆள் நான். பயத்தில் இல்லை, எரிச்சலில். இந்தத் திருகோணமலையில் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனது எதுவும் பேயில்லை, டீசல் அடித்து ஓடுகிற வாகனத்தில் வந்த மனிதர்கள்தான். அப்படிப்பட்ட நான் இப்போது இதைச் சொல்ல வந்திருக்கிறேன், நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பீர்கள், தெரியும், சிரியுங்கள், ஆனால் முழுதையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

என் அக்கா அன்புவழிபுரத்தில் தனியாக இருக்கிறாள். அத்தான் மாரடைப்பில் போய்விட்டார். அவர்களுடைய ஒரே மகன் ரூபன், என் மருமகன், சண்டைக் காலத்தில் வேலைக்குப் போகிற வழியில் பிடிபட்டவன். அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது. விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்களாம். இன்னும் விசாரித்து முடியவில்லை போலிருக்கிறது. அதன் பிறகு எத்தனை ஆணைக்குழு, எத்தனை மேசை, ஒவ்வொரு மேசையிலும் புதிதாக ஒரு துரை இருந்துகொண்டு அதே கேள்வியை முதலில் இருந்து கேட்பார், அக்காவும் முதலில் இருந்து சொல்லுவாள். கடைசியாக வந்தவர்கள் மரணச் சான்றிதழ் தருகிறோம், வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். பிள்ளையைக் கேட்டால் கடதாசி தருகிறார்கள். அக்கா வாங்கவில்லை. வாங்கி முடித்துவிடுங்கள் என்று நான் சொன்னதற்குக் கனநாள் என்னோடு கதைக்கவும் இல்லை.

அவளைப் போன்ற தாய்மார் ரீவியில் செய்தி பார்க்கிற விதம் வேறு. யார் என்ன பேசுகிறார் என்பது அவர்களுக்குத் தேவையில்லை. பேசுகிற மந்திரிக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள், சிறைச்சாலை வாசலில் யார் குனிந்துகொண்டு போகிறார்கள், வெள்ளத்தில் சாப்பாட்டுப் பார்சலுக்கு நீளுகிறது யாருடைய கை, அதைத்தான் பார்ப்பார்கள். அக்கா இப்படி ரூபனை எத்தனையோ தரம் கண்டிருக்கிறாள். ஒவ்வொரு தரமும் நான்தான் அலைந்து விசாரித்து, அது வேறு யாரோ என்று வந்து சொல்ல வேண்டும். அந்த வேலை எனக்கு வெறுத்துப் போயிருந்தது.

ஒரு நாள் எனக்குப் போன் எடுத்தாள்.

"தம்பி, செய்தியில ரூபனைக் கண்டனான். ஆசுப்பத்திரி விறாந்தையில நிண்டவன். நான் கதிரையால எழும்பிக் கிட்டப் போறதுக்குள்ள படம் போயிட்டுது."

ரீவி சனலுக்குப் போன் போட்டிருக்கிறாள், எடுத்தவர் வேறு ஒருவரிடம் கொடுக்க, அவர் வேறு ஒருவரிடம் கொடுக்க, அப்படியே விட்டுவிட்டார்கள். கேபிள்காரரைக் கேட்டதற்கு, போனது போனதுதான் அம்மா என்று சொல்லியிருக்கிறார்.

"படத்தைப் பிடிச்சு வைக்கிற சாமான் ஒண்டு இருக்காமே. நிப்பாட்டிப் பாக்கலாமாம். அதை எனக்குப் பூட்டித் தா தம்பி. இனி ஓடிற படத்துக்குப் பின்னால என்னால ஓட ஏலாது."

நான் துறைமுகத்துக் களஞ்சியம் ஒன்றில் வேலை செய்கிறேன். அங்கே என்னோடு இருந்த ஒருவர் வெளிநாடு போகும்போது கொடுத்துவிட்டுப் போன டிஜிட்டல் ரெக்கோடர் ஒன்று என் அலுமாரியில் தூசி பிடித்துக் கிடந்தது. இதையும் செய்து தொலைப்போம் என்றுதான் அதைக் கொண்டுபோனேன், பொய் சொல்லவில்லை.

அன்று காலை அக்கா போராட்டப் பந்தலுக்குப் போயிருந்தாள். உட்துறைமுக வீதியோரம் தாய்மார் பிள்ளைகளின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்த அந்தப் பந்தலுக்குக் கமராக்காரரும் வந்தார்களாம், அதனால் பின்நேரச் செய்தியில் கட்டாயம் காட்டுவார்கள், அதைப் பிடிக்க வேண்டும் என்று ஒரே ஆய்க்கினை. நான் வேலை முடிந்து போய்ச் சேரவே நேரம் போய்விட்டது. கேபிள் பெட்டியிலிருந்து ரீவிக்கு ஏற்கெனவே ஒரு வயர் போகிறது, அதை நான் தொடவில்லை. பெட்டியிலிருந்து ரெக்கோடருக்கு மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் தலை வைத்த வயர் ஒன்று, ரெக்கோடரிலிருந்து ரீவிக்கு இன்னொன்று, இவ்வளவுதான் வேலை. ரெக்கோடரின் பின்பக்கத்தில் ஒரே மாதிரி மூன்று வரிசை ஓட்டை, ஒன்று படம் உள்ளே வருவதற்கு, மற்ற இரண்டும் வெளியே போவதற்கு. சுவரோடு ஒட்டிய மேசை, வெளிச்சமும் இல்லை, கையால் தடவித் தடவித்தான் குத்தினேன்.

"தொடங்கிட்டுது, தொடங்கிட்டுது, கெதியாப் பூட்டு."

சரிபார்க்க எங்கே விட்டாள். ரிமோட்டை அமத்தினேன், சிவப்பு லைட் பற்றியது, பிடிக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் இருந்துவிட்டேன்.

பந்தலைக் காட்டினார்கள். கொஞ்ச நேரம்தான். எங்கள் ஊர் மான்கள் மாடு மாதிரித் தெருவில் திரிவது உங்களுக்குத் தெரியும்தானே, அதில் ஒன்று பந்தலில் கட்டியிருந்த பதாகையின் நுனியைச் சப்பிக்கொண்டு நின்றது. அதற்குப் பக்கத்தில் அக்கா, நேரே பார்த்தபடி, மடியில் ரூபனின் படம். அவளுக்குப் பின்னால் வெறும் மதில். நாங்கள் இருவரும் பார்த்தோம். அதோடு கிரிக்கெட்டுக்குப் போய்விட்டார்கள்.

செய்தி முடிந்ததும் ரீவியை ரெக்கோடர் பக்கம் மாற்றி, பிடித்ததைப் போட்டேன். அதே செய்தி, அதே பந்தல், அதே மான். ஆனால் அக்காவுக்குப் பின்னால் ஒரு ஆள் நின்றார். நாற்பதைத் தாண்டிய ஆள், காதோரம் நரை, தோய்த்துத் தோய்த்து வெளிறிய சேர்ட். அவர் குனிந்து, அக்காவின் மடியில் இருக்கிற படத்தைப் பார்ப்பதற்காகத் தலையை இடது பக்கம் சரித்தார்.

ரூபனுக்குச் சின்ன வயதில் ஒரு கண் பார்வை மட்டம், எதைப் பார்த்தாலும் இடது பக்கம் தலையைச் சரித்துத்தான் பார்ப்பான், புத்தகம் வாசிக்கும்போது அதற்காகவே பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியிருக்கிறான். அந்தச் சரிவு, அந்த மூக்கு, அத்தானின் அதே நாடி. நான் நிறுத்தினேன்.

"அக்கா, உங்களுக்குப் பின்னால பாருங்கோ."

அவள் கிட்டப் போய்க் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"ஆரோ புதினம் பாக்க வந்த ஆள்."

"நல்லாப் பாருங்கோ அக்கா, அந்தத் தலையை!"

"உனக்கென்ன விசரா? என்ர பிள்ளை இவ்வளவு கிழவனே? அவனுக்கு ஒரு நரை கிடையாது."

எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வது. எந்தக் கூட்டத்திலும் எந்தப் பெடியனிலும் தன் மகனைக் கண்டவள், நான் ஒருவன் முதன்முதலாகக் கண்டு காட்டும்போது இல்லை என்கிறாள். அவளுக்குள் ரூபன் பிடிபட்ட அன்றோடு நின்றுவிட்டான். நான் படத்தை ஓடவிட்டேன்.

நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம். படத்தில் இருந்த அக்கா பின்னால் திரும்பினாள். சற்று முன் ரீவியில் பார்த்தபோது அவள் திரும்பவே இல்லை. திரும்பி, ரூபனின் படத்தைத் தூக்கி அந்த ஆளுக்குக் காட்டினாள், அவள் எல்லாரிடமும் கேட்பதுபோல வாய் அசைந்தது, இவனை எங்கேயும் கண்டனீங்களோ என்று. அந்த ஆள் படத்தை நன்றாகப் பார்த்தார். அக்காவின் முகத்தையும் பார்த்தார். பிறகு இல்லை என்று தலையாட்டிவிட்டு மதிலோரமாக நடந்து போய்விட்டார்.

"பார், அவருக்கும் தெரியேல்லையாம்" என்றாள் அக்கா.

"இண்டைக்கு ஆருக்கும் திரும்பிப் படம் காட்டினீங்களோ?"

"நான் எல்லாருக்கும்தானே காட்டிறனான்."

சொல்லிவிட்டு அவள் குசினிக்குள் போய்ப் பிட்டுக்கு மா குழைக்கத் தொடங்கினாள். நான் டோர்ச்சை எடுத்து ரெக்கோடருக்குப் பின்னால் அடித்துப் பார்த்தேன். கேபிள் பெட்டியிலிருந்து வந்த வயரை, ரீவி வயருக்குப் பக்கத்தில், வெளியே போகிற மற்ற வரிசையில் குத்தியிருக்கிறேன். உள்ளே வருகிற வரிசை மூன்று ஓட்டையும் வெறுமையாகக் கிடந்தது. அந்த ரெக்கோடருக்குள் எந்தப் படமும் வர வழியே இல்லை.

மறுநாள் காலை என் வீட்டில் செய்தி பார்த்தேன், அதே துண்டைத் திரும்பப் போட்டார்கள். மான் சப்பியது. அக்கா நேரே பார்த்தபடி இருந்தாள். மதில். யாரும் இல்லை.

அன்று பின்நேரமே போய் வயரைச் சரியான வரிசையில் மாற்றிக் கொடுத்தேன். அதன் பிறகு பிடித்ததெல்லாம் ரீவியில் போனதுதான், கூடவும் இல்லை குறையவும் இல்லை. ரிமோட் அமத்த அக்கா வெகு சீக்கிரம் பழகிவிட்டாள். செய்தியை நிறுத்தி, விட்டு, நிறுத்தி, ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறாள். அந்த முதல் துண்டை யாரிடமாவது காட்ட வேண்டும், எனக்குத்தான் விசரா என்று கேட்க வேண்டும் என்று ஒரு சிநேகிதரைக் கூட்டிக்கொண்டு போனேன். தேடினேன், இல்லை.

"அதை அழிச்சிட்டன் தம்பி," என்றாள் அக்கா, நாங்கள் குடித்த தேத்தண்ணீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டே. "பெட்டி நிறைஞ்சு போச்சு. பிள்ளையைத் தேட இடம் வேணுமே."

அவளைக் கட்டிப்பிடித்து அழுவதா, கன்னத்தில் அறைவதா என்று எனக்குத் தெரியவில்லை. சிநேகிதர் என்னைப் பாவமாகப் பார்த்தார், இப்போது நீங்கள் பார்க்கிற மாதிரி. செத்தவன் என்றால் எப்படி நரைத்தான்? இருக்கிறான் என்றால் தன் படத்தையும் தாயையும் பார்த்து எப்படி இல்லை என்று தலையாட்டினான்? அவனுக்கு அப்படி என்ன செய்தார்கள்? நான் இதை யாரிடம் கேட்பது, எந்த மேசைக்குக் கொண்டுபோவது?

அந்தத் தாய்மார் இப்போதும் இடைக்கிடை பந்தல் போட்டு இருக்கிறார்கள். அந்த நாட்களில் மத்தியானச் சாப்பாட்டுக்கு வெளியே வரும்போது நானும் எதிர்ப்பக்கம் போய் நிற்பேன். அக்காவை நான் பார்ப்பதில்லை. அவளுக்குப் பின்னால் வந்து போகிறவர்களைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், நரைத்த தலை ஒன்று வந்தால் அது இடது பக்கம் சரிகிறதா என்று எட்டிப் பார்க்கிறேன். போன கிழமை அக்கா கண்டுவிட்டாள். வெயிலுக்குக் கண்ணுக்கு மேலே கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயிருந்து கத்திக் கேட்டாள்.

"ஆரைத் தம்பி தேடுறாய்?"