கருப்புப் போன காசு

பாளையம்பட்டியில் காசிராஜனின் நகைக்கடைக்கு எந்த வெள்ளி வந்தாலும், கொலுசோ குத்துவிளக்கோ, பூந்திக்கொட்டைத் தண்ணீரில் தங்கமாரி ஒரு தேய் தேய்க்காமல் வெளியே போகாது. கருப்போடு திருப்பிக் கொடுத்தால் கடைக்குக் கேவலம் இல்லையா? நரிக்குடிப் பக்கம் காலமெல்லாம் களையெடுத்த குடும்பத்தில், நிழலில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். அந்த வேலையை உயிராக வைத்திருந்தாள்.

அன்றைக்கு அவள் கைக்கு வந்தது, கடைப் பட்டறையில் பதித்து முடித்த ஒரு டாலர். தங்க வளையத்துக்குள் ஒரு கருத்த வெள்ளிக்காசு. ஒரு பக்கம் பெண் முகம், மறுபக்கம் ஆந்தை. ஆந்தையைப் போய் எவளாவது கழுத்தில் போடுவாளா, கருமம்! முனகிக்கொண்டே தேய்த்தாள். பளிச்சென்று வந்துவிட்டது.

காசிராஜன் அதைப் பார்த்தார். முகம் செத்துப்போனது.

"அடிப்பாவி, என்ன காரியம் பண்ணிட்ட! இது கிரேக்க நாட்டுக் காசு, ரெண்டாயிரம் வருசத்துக்கு மேல பழசு. அந்தக் கருப்புக்குத்தேன் மதிப்பே. அது போகாமப் பதிக்கணும்னு ரேணுகாதேவியம்மா மகன் வெளிநாட்டுல இருந்து போன்ல படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. உன்கிட்டச் சொல்ல மறந்து தொலைச்சுட்டேனே!"

ரேணுகாதேவியா? அவுக காட்டில்தான் தங்கமாரியின் அம்மா களையெடுத்துக் குனிந்த முதுகு நிமிராமல் கிடந்தாள். அந்த வீட்டுப் பொருளையா கெடுத்தோம்? வேலை போச்சு, இனி மறுபடியும் களைக்கொத்துதான்.

சாயங்காலம் ரேணுகாதேவி வந்து இறங்கினார். காசிராஜன் ஏதோ பூசி மெழுகப் பார்த்தார். தங்கமாரிக்கு அந்தப் பயத்தைத் தாங்க முடியவில்லை.

"நாந்தேம்மா தேய்ச்சேன். தெரியாமச் செஞ்சுட்டேன்."

அந்தம்மா டாலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டவில்லை. ஒரு விளிம்பைத் தடவிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

"இந்த ஓரத்த வீட்டுலயே திருநீறு போட்டு நான் தேய்ச்சுட்டேன் தாயி. அழுக்குன்னுல்ல நெனச்சேன்! எம்மகன் பாத்தா என்ன சொல்லுவானோன்னு ரெண்டு நாளாச் சோறு எறங்கல."

தங்கமாரி நிமிர்ந்து அந்தம்மாவின் முகத்தைப் பார்த்தாள். இவுகளுக்குமா பயம்?

அந்நேரம் பார்த்து ரேணுகாதேவியின் செல்போன் அடித்தது. மகன்தான், வீடியோ காலில். அந்தம்மா டாலரை முந்தானைக்குள் பொத்திக்கொண்டு, தங்கமாரியின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். போனை எடுக்கவில்லை.