மலைக்குப் போய் அதிகாரிக்குச் சால்வை போர்த்திவிட்டு வந்தேன்

முதலில் என் கையெழுத்துக்காக மன்னித்துக்கொள்ளுங்கள். இதோடு போட்டிருக்கும் படத்தில் நான் எழுதிய தாள்கள் இருக்கின்றன. அவற்றில் ஒரு எழுத்து பூசணிக்காய் அளவும் அடுத்த எழுத்து கடுகு அளவும் இருக்கும். கோடு போட்ட தாள்தான். ஆனாலும் பாதி வரியில் என் எழுத்து கோட்டை விட்டுக் கீழே இறங்கிவிடுகிறது. மொரப்பூரில் புளி மூட்டையும் நெல் மூட்டையும் லாரியில் ஏற்றிய கை இது. எழுபது வயதுக்கு மேல் பேனா பிடிக்கிறது. ஒரு பக்கம் எழுத ஒரு காலைப் பொழுது போய்விடுகிறது. எழுதியதை நானே திரும்பப் படித்துப் பார்க்கும்போது வருகிற சந்தோஷத்தை என்னால் எழுத முடியவில்லை, அதற்கு இன்னும் கொஞ்சம் படிக்க வேண்டும். எங்கள் முதியோர் படிப்பு மையத்தின் ஆசிரியை இதைக் கம்ப்யூட்டரில் அடித்துத் தருகிறார். அதனால் படத்தைப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல் இதைப் படியுங்கள்.

சித்தேரி மலைப் பக்கம் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு வழி சொல்வேன். அங்கே நடக்கும் போராட்டத்தில் போய் உட்கார நினைப்பவர்களுக்கு, நான் செய்ததைச் செய்யாதீர்கள் என்று சொல்வேன்.

மாது என்பவர் அந்த மலையில் மேல்கொட்டாய் என்ற ஊரில் சாமை பயிர் செய்கிறவர். மொரப்பூருக்குப் புளி கொண்டுவந்து போட்ட காலத்திலிருந்து எனக்குப் பழக்கம். போன மாதம் போன் செய்து, "அண்ணா, எங்க ஊருக்கு பஸ் கேட்டு உக்காந்திருக்கறோம். கீழ இருந்து நாலு பேர் வந்து உக்காந்தா பலமா இருக்கும். வாங்க" என்றார். போராட்டம் எனக்குப் புதிதில்லை. கூலி உயர்வு கேட்டு எங்கள் சங்கத்தில் எத்தனையோ முறை உட்கார்ந்திருக்கிறேன். உடனே வருகிறேன் என்றேன்.

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு புதன்கிழமை காலை ஆறரை மணிக்கு மொரப்பூரில் அரூர் பேருந்தைப் பிடித்தேன். அரை மணி நேரப் பயணம், பதினைந்து ரூபாய். அரூரில் இரண்டு இட்லி தின்றுவிட்டு எட்டே முக்காலுக்கு மலைப் பேருந்தில் ஏறினேன். முப்பத்திரண்டு ரூபாய். இடது பக்கம் ஜன்னல் ஓரம் உட்காருங்கள், பள்ளத்தாக்கு அந்தப் பக்கம்தான் தெரியும். நான் பள்ளத்தாக்கைப் பார்க்கவில்லை. பலகைகளைப் படித்துக்கொண்டு வந்தேன். உரக்கடை, சலூன், வளைவில் ஒலி எழுப்பவும், வனவிலங்குகள் கடக்கும் பகுதி. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "என்னாங்க, பேர் எல்லாம் எழுதிக்கிட்டுப் போறீங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க, படிக்கறேன்" என்றேன். வாய் விட்டுப் படித்துக்கொண்டு வந்திருக்கிறேன், எனக்கே தெரியவில்லை.

பேருந்து ஒரு வேங்கை மரத்து வளைவோடு நின்றுவிடும். அதற்கு மேல் மேல்கொட்டாய்க்கு ஆறு கிலோமீட்டர். தார்ச்சாலை நன்றாகவே இருக்கிறது, பேருந்துதான் போவதில்லை. மேலே வண்டி திருப்ப இடமில்லை என்று அதிகாரிகள் முதலில் சொன்னார்கள். ஊரார் பாறையை உடைத்து, சாமைக் கொல்லையில் ஒரு துண்டு விட்டுக்கொடுத்து இடம் செய்தார்கள். அதற்குப் பிறகும் இன்றைக்கு, நாளைக்கு என்றே பதில் வருகிறது. உடம்பு சரியில்லாதவர்களை மூங்கில் கழியில் கம்பளி கட்டி, அந்த டோலியில் வைத்துத்தான் வளைவு வரை தூக்கி வருகிறார்கள்.

போராட்டத்தை முன்னால் நின்று நடத்துபவர் ராசாத்தி என்ற பெண். நாற்பது வயது இருக்கும். அவருடைய மகளுக்கு இது எட்டாம் மாதம். பிரசவத்துக்குள் பேருந்து வர வேண்டும், இல்லையென்றால் அந்தப் பெண்ணும் டோலியில்தான் இறங்க வேண்டும். ராசாத்திக்கு மனதில் இருந்தது அது ஒன்றுதான்.

அவர்கள் போராடும் விதம் நான் பார்க்காத விதம். கொடி இல்லை, கோஷம் இல்லை. தினமும் யாராவது ஒருவரை டோலியில் உட்கார வைத்து, நோயாளியைத் தூக்குவது போலவே ஆறு கிலோமீட்டர் தூக்கி வருவார்கள். பேருந்து கிளம்பும் நேரத்துக்கு டோலியை அதன் முன்னால் இறக்கி வைத்துவிட்டுச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். கால் மணி நேரம் யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பிறகு எழுந்து, பேருந்துக்கு வழி விட்டு, டோலியை எடுத்துக்கொண்டு மேலே போய்விடுவார்கள். பக்கத்து இரண்டு ஊர்க்காரர்களும் சேர்ந்ததால் அன்றைக்கு எண்பது பேருக்கு மேல் இருந்தார்கள். நானும் உட்கார்ந்தேன்.

மேலே நடக்கும்போது ராசாத்தியிடம், "கீழ பொம்பளைங்களுக்கு டவுன் பஸ் இலவசம்மா" என்றேன், ஏதாவது பேச வேண்டுமே என்று.

"இங்க ஆம்பளைங்களுக்கும் இலவசந்தான் பெரியப்பா. பஸ்ஸே இல்லியே, யாருகிட்ட டிக்கெட் கேப்பாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்த ஊர் பிடித்துவிட்டது. மாது வீட்டில் சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் கொடுத்தார்கள். பேசக் கூடாது, கோஷம் போடக் கூடாது, பஸ்காரரிடம் சண்டை கூடாது என்று மாது விவரமாகச் சொன்னார். சரி என்று கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை குளிராக இருந்தது. என்னிடம் ஒரு சால்வை இருந்தது. படிப்பு மையத்தில் தேர்வு எழுதி முடித்ததற்கு மேடையில் எனக்குப் போர்த்தியது, ஓரத்தில் சரிகை வைத்தது. அதைப் போர்த்திக்கொண்டு வளைவுக்கு இறங்கினேன். எல்லோரும் டோலியைச் சுற்றி உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ஒரு ஜீப் வந்து நின்றது. அதிகாரி ஒருவர் இறங்கினார். எந்த அலுவலகம் என்று எழுதவில்லை. தன்மையாகத்தான் பேசினார். "உங்க கோரிக்கை நியாயமானதுங்க. பரிசீலனைல இருக்கு. சீக்கிரம் நல்ல முடிவு வரும்" என்றார்.

யாரும் பதில் பேசவில்லை. அவர் டோலியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். எனக்கு அவரைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. இவ்வளவு தூரம் ஜீப் ஏறி வந்த மனிதரை இப்படி நிற்க வைக்கிறோமே என்று நினைத்தேன். எங்கள் பக்கத்தில் யாராவது பெரிய ஆள் வந்தால் வெறும் தோளோடு திருப்பி அனுப்புவதில்லை. அவர் நமக்கு ஏதாவது செய்தாரா என்று பார்ப்பதும் இல்லை. போர்த்தினால் செய்வார் என்ற நம்பிக்கையில் முதலிலேயே போர்த்திவிடுவோம். சங்கத்தில் அந்த வேலை எப்போதும் என்னுடையது. நான் எழுந்தேன். என் தோளில் இருந்த சால்வையை எடுத்து, இரண்டு கையாலும் விரித்து, அவருக்குப் போர்த்திக் கும்பிட்டேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. கூட வந்தவர் போனில் படம் எடுத்தார். "கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க ஐயா" என்றார், நானும் பார்த்தேன். அதிகாரி என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

பேசக் கூடாது என்ற விதியை நான் மீறவில்லை. மேல்கொட்டாயில் யாரிடமும் சால்வை இல்லை, அதனால் அதைப் போடாதே என்று யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை. மேலே நடந்து போகும்போது ராசாத்தி என் பக்கத்தில் வந்தார்.

"நல்ல சால்வைங்க பெரியப்பா. அவருக்கு எடுப்பாத்தான் இருந்துச்சு."

பாராட்டு என்றே நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை வளைவில் இருக்கும் டீக்கடைக்கு முதல் பேருந்தில் பேப்பர் வந்தது. டீ பத்து ரூபாய், பேப்பர் சும்மா. நம்ம போராட்டம் வந்திருக்கிறதாம் என்றார்கள். நான் படிக்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். படிக்கத் தெரிந்தவர்கள் அங்கே நிறையப் பேர் உண்டு, நான்தான் முந்திக்கொண்டேன். பெஞ்சில் உட்கார்ந்து சத்தமாக ஆரம்பித்தேன்.

எனக்கு எழுத்து எழுத்தாகத்தான் படிக்க வரும். வார்த்தை முடிந்த பிறகுதான் அது என்ன வார்த்தை என்று எனக்கே தெரியும். "மலை. கிராம. மக்கள். போ, ரா, ட்டம். போராட்டம்." "வா, ப, ஸ்." நான் அதை ஒன்று சேர்ப்பதற்குள் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சேர்த்துவிட்டார்கள். நிமிர்ந்து பார்த்தேன். மாது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நிறுத்தியிருக்கலாம், ஆனால் ஆரம்பித்ததை முடிக்காமல் விடக் கூடாது என்று மையத்தில் பழகிவிட்டேன். அதிகாரிக்குச் சால்வை அணிவித்து நன்றி தெரிவித்தனர் என்பது வரை படித்து முடித்தேன். அதற்கு மேல் என் படம் இருந்தது. நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"சந்தோசமா இருக்கீங்க படத்துல" என்றார் ஒரு பெண்.

அன்றைக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் ஒருவரும் வரவில்லை. பிரச்சினை முடிந்துவிட்டது என்று அவர்களுக்குப் படம் போனிலேயே போய்விட்டது. முப்பது பேர்தான் உட்கார்ந்தோம். இத்தனை நாள் கால் மணி நேரம் பொறுத்துக்கொண்ட ஓட்டுநர் ஹாரன் அடித்தார். "அதான் எல்லாம் முடிஞ்சிருச்சாமே, பேப்பர்ல போட்டிருக்கு. ஒதுங்குங்கம்மா, எனக்கு டயம் ஆவுது" என்றார். ராசாத்தி எழுந்து டோலியை ஓரமாக இழுத்தார். அவரோடு சேர்ந்து இழுக்க என் கை போனது, பாதியில் நிறுத்திக்கொண்டேன். ஏற்கெனவே என் கை செய்தது போதும் என்று பட்டது.

மதியம் நானே ராசாத்தியிடம் போய், அந்த இரண்டு ஊருக்கும் போய் உண்மையைச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றேன். "போங்க. மாதண்ணன் வழி காட்டும்" என்றார். மாதுவும் நானும் காட்டு வழியில் நடந்தோம். போக வர எட்டு கிலோமீட்டர் இருக்கும், ஏற்றம் அதிகம். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "போராட்டம் முடியலீங்க. சால்வை போட்டது நான் ஒருத்தன். என்னை யாரும் போடச் சொல்லலை" என்று சொன்னேன். சிலர் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். ஒருவர் கொட்டகைக்குள் இருந்தபடியே கேட்டார்: "கூலி வாங்கிட்டுப் போட்டியா, சும்மாவா?"

"சும்மாதானுங்க."

"அதுக்கு வாங்கிட்டே போட்டிருக்கலாம்."

மாது, "வுடுண்ணா, அவரு எல்லார்கிட்டயும் அப்பிடித்தான் பேசுவாரு" என்றார். அந்த மனிதர் சொன்னதில் தப்பு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை நான் ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாள். காலையில் பையை எடுத்துக்கொண்டு வந்தேன். டோலியைக் கட்டி வைத்துவிட்டு எல்லோரும் நின்றிருந்தார்கள்.

"பெரியப்பா, இன்னைக்கு நீங்க உக்காருங்க" என்றார் ராசாத்தி.

"என்னால நடக்க முடியும்மா."

"நடக்க முடியறவங்களத்தான் தெனமும் தூக்கறோம். முடியாதவங்கள விளையாட்டுக்குத் தூக்கக் கூடாதில்ல. உக்காருங்க. உங்க மேல கோவமா இருக்கறவங்கதான் தூக்கறாங்க. வெரசாப் போயிடும்."

நாலு பேர் தூக்கினார்கள், அதில் இரண்டு பேர் பெண்கள். வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் பாரத்தைத் தூக்கியவன் நான். என்னை யாரும் தூக்கியதில்லை. கம்பளிக்குள் முட்டியை மடக்கி உட்கார்ந்திருந்தேன். வளைவில் கழி ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாறும்போது உடம்பு ஒரு பக்கமாகச் சரியும், கால் பள்ளத்துக்கு நேராக வரும். முன்னால் இருந்த பெண்ணின் மூச்சு எப்போது மாறுகிறது என்று எனக்குத் தெரிந்தது. மூட்டை தூக்கியவனுக்கு அது தெரியும். இரண்டாவது கிலோமீட்டரில் தோள் எலும்பு கழியைத் தொட்டிருக்கும். மூன்றாவதில் விரல் மரத்திருக்கும். இறக்கி வையுங்கள் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. எட்டு மாதக் கர்ப்பிணி இப்படி முட்டியை மடக்க முடியாது, படுத்துத்தான் வர வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டு வந்தேன்.

வளைவில் இறக்கி வைத்தார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து பதினோரு பேர் வந்திருந்தார்கள். முன்னால் வந்ததற்கு அது ரொம்பக் குறைவு. அதே ஓட்டுநர்தான். டோலிக்குள் என்னைப் பார்த்ததும் படத்தில் பார்த்த ஆள் என்று அடையாளம் கண்டுகொண்டார். ஹாரன் மேல் வைத்த கையை எடுத்துவிட்டார். கால் மணி நேரம் நான் யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு இறங்கி, டிக்கெட் வாங்கிக்கொண்டு, அதே பேருந்தில் ஊருக்கு வந்தேன். ராசாத்தி கை ஆட்டவில்லை. மாதுதான் பையை எடுத்துக் கொடுத்தார்.

போக நினைப்பவர்களுக்குச் சில விவரம். அரூரிலிருந்து மலைப் பேருந்து குறைவு, எட்டரைக்கே நிலையத்தில் இருங்கள். வளைவிலிருந்து ஆறு கிலோமீட்டர் நடக்கச் செருப்பு நன்றாக இருக்கட்டும். வழியில் கடை கிடையாது, தண்ணீர் கொண்டுபோங்கள். காலையில் குளிரும், ஸ்வெட்டர் போதும். சால்வை வேண்டாம். போராட்டத்தில் உட்காரப் போகிறவர்கள், என்ன செய்யக் கூடாது என்று கேட்டால் போதாது. நம் ஊரில் யோசிக்காமல் செய்கிற காரியங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இது செய்யலாமா, அது செய்யலாமா என்று கேளுங்கள். அவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

அந்தப் பேப்பருக்குப் போராட்டம் முடியவில்லை என்று நான்கு வரி எழுதி அனுப்பியிருக்கிறேன். அடித்துத் திருத்தி எழுத இரண்டு நாள் ஆனது. இன்னும் போடவில்லை. வரும் புதன்கிழமை மறுபடியும் மேலே போகிறேன், வா என்று யாரும் சொல்லவில்லை. ராசாத்தியின் மகளுக்கு நாள் நெருங்குகிறது. டோலிக்குக் கழி பிடிக்க ஒரு தோள் குறைந்தால் என் தோள் இன்னும் அரை கிலோமீட்டருக்குத் தாங்கும் என்று நினைக்கிறேன், விடுவார்களா தெரியாது. விட்டார்களா இல்லையா, பேருந்து வந்ததா இல்லையா என்பதை அடுத்த வாரம் எழுதுகிறேன். சொல்ல வெட்கமாக இருந்தாலும் எழுதுவேன்.