மேட்டுத் தெருவுக்கு ஒரு டீரெய்லர்

என் அண்ணிக்குத் தபால் பட்டுவாடா வேலை. ஐம்பத்து நாலு வயதிலும் பதினெட்டு கிலோ பையோடு சைக்கிளில் மேட்டுத் தெரு ஏறுகிறவர். அவர்கள் அலுவலகத்தில் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. வருஷத்துக்கு ஒரு நாள் சோதனை. நிறைந்த பையோடு, நடுவில் கால் ஊன்றாமல் உச்சி வரை மிதிப்பவருக்குத்தான் மேட்டுத் தெரு. ஊன்றினால் தெரு போச்சு, கடிதம் பிரிக்கிற அறையில் உட்கார வேண்டியதுதான். ஜன்னல் இல்லாத அந்த அறையில் அண்ணி ஒருமுறை ஆறு மாதம் இருந்தார். வீட்டுக்கு வந்தால் யாரிடமும் வாய் திறக்க மாட்டார். அதற்குத்தான் பயந்தார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

சோதனைக்கு ஒரு வாரம் இருக்கும்போது சைக்கிள் விழுந்து பின் டீரெய்லர் வளைந்துவிட்டது. செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் பாகம் அது. எல்லாவற்றுக்கும் கருத்துச் சொல்கிற நான் கடைக்குக் கூடவே போனேன்.

கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். "இதுல செயினை இழுத்துப் பிடிக்கிற கை குட்டையா இருக்கும், ரேஸ்காரங்க வாங்குறது. இருபத்தெட்டு பல்லு சக்கரம் வரைக்கும்தான் தாங்கும். இது கை நீளம், முப்பத்தாறு பல்லே போடலாம். வேகம் வராது, ஆனா மேடு ஏற லேசா இருக்கும். வயசானவங்க இதைத்தான் கேப்பாங்க."

"எனக்கு இன்னும் அவ்வளவு வயசாகல," என்றார் அண்ணி.

"குட்டையே எடுங்க அண்ணி, என்ன பளபளப்பு பாருங்க!" என்றேன். மற்றது கொக்குக் கால் மாதிரித் தொங்கியது.

அதையே வாங்கி மாட்டினோம். ஞாயிற்றுக்கிழமை அண்ணி ஜம்மென்று உச்சிக்குப் போய் வந்தார். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். விடுமுறையில் தபால் பையை வெளியே எடுக்க முடியாது, அதனால் காலி கேரியரோடு போயிருக்கிறார் என்பது எங்கள் இருவர் மூளைக்கும் எட்டவில்லை. திங்களன்று பையோடு பாதி மேட்டிலேயே முட்டி மக்கர் செய்தது. கால் ஊன்றிவிட்டார். நல்லவேளை, சோதனை வியாழன்தான்.

"உன் பேச்சைக் கேட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்," என்றார். கோபமே இல்லாமல் சொன்னதுதான் எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே நீளக் கையையும் பெரிய பல்சக்கரத்தையும் மாட்டினோம்.

வியாழனன்று அலுவலகமே உச்சியில் நின்றது. அண்ணி ஏறினார். பெடல்தான் சுற்றியது, சைக்கிள் நகர்கிறதா என்றே சந்தேகம். காய்கறிப் பையோடு நடந்து வந்த ஓர் அம்மாள் அவரை முந்திப் போனார். சிலர் சிரித்தார்கள்.

அண்ணி உச்சிக்கு வந்ததும் மேலதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "என்னம்மா, நடந்து வந்தவங்களே உங்களுக்கு முன்னாடி வந்துட்டாங்களே?"

"வரட்டுமே சார். அவங்க கால் தரையிலதானே இருந்துச்சு," என்ற அண்ணி, மூச்சு வாங்கிக்கொண்டே முதல் வீட்டுக் கடிதத்தைத் தேட ஆரம்பித்தார்.