சுண்ணாம்பில் வெந்த சோளம்

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் ஒன்றில், தென்காசி ரேஷன் கடையில் அரிசியைக் குறைத்துவிட்டு மீதிக்கு மக்காச்சோளம் போட ஆரம்பித்தார்கள். கப்பலில் வந்த சோளம் என்றார்கள். ஒவ்வொரு மணியும் மஞ்சளாக, கெட்டியாக, கடைவாய்ப் பல் மாதிரி இருந்தது. கிழக்கே கரிசல் காட்டுக்காரர்களுக்குச் சோளமும் கம்பும் பழக்கம். நெல் விளைகிற எங்கள் பக்கத்தில் அரிசியைத் தவிர வேறொன்றைச் சாப்பாடு என்று யாரும் சொல்லமாட்டார்கள். வயல் இருந்தவர்கள் ஒருவிதமாகச் சமாளித்தார்கள். எங்களுக்கு வயல் இல்லை.

வீட்டில் மூன்று பேர். என் மாமனார் போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மாமியார், அப்புறம் நான். என் கணவர் பட்டாளத்தில் இருந்தார். எந்த ஊரில் இருக்கிறோம் என்று எழுதக்கூடாது என்று அவர்களுக்கு உத்தரவு. மகன் திரும்பி வருகிறவரைக்கும் வீட்டுக்குள் கறி, மீன், முட்டை எதுவும் நுழையாது என்று அத்தை பண்பொழித் திருமலைக் கோயிலில் நேர்ந்திருந்தாள். அன்றைக்கு விற்ற விலையில், நேர்ச்சை இல்லாவிட்டாலும் நாங்கள் கறி வாங்கியிருக்க மாட்டோம். ஆனால் நேர்ச்சை என்று சொல்லிக்கொள்வது கௌரவமாக இருந்தது.

முதல் வாரம் சோளத்தைத் திரிகையில் உடைத்துக் களி கிண்டினோம். மாமா ஒரு வாய் வைத்தார். இலையை மெதுவாகத் தள்ளிவிட்டார்.

"குதிரைக்குப் போடுததை மனுசனுக்குப் போடுதியா நீ?" என்று அத்தையிடம் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்வதற்காகக் கேட்டதுபோல்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அத்தை ஒரு ஏற்பாடு செய்தாள். என்னிடம் கலந்து பேசவில்லை. எனக்கும் மறுப்பு இல்லை. ரேஷனில் வந்த அரிசி முழுவதும் மாமாவுக்கு. சோளம் எங்கள் இரண்டு பேருக்கும். ஆண்கள் சாப்பிட்ட பிறகு பெண்கள் அடுப்படியில் சாப்பிடுவது வழக்கமாக இருந்ததால் இதை மறைக்க எந்தச் சிரமமும் படவேண்டியிருக்கவில்லை. அவர் சாப்பிட்டுவிட்டு முன்கட்டில் படுப்பார். நாங்கள் உள்ளே களியைப் புளித்தண்ணீரில் தொட்டு விழுங்குவோம். மென்றால் தொண்டையில் நிற்கும். மெல்லாமல் விழுங்கினால் ராத்திரி வயிறு பேசும்.

சில மாதங்கள் இப்படிப் போயிற்று. ஒரு நாள் மத்தியானம் மாமாவுக்கு விக்கல் எடுத்தது. செம்பில் தண்ணீர் இல்லை. விக்கலில் எங்களைக் கூப்பிட வாய் வரவில்லை போலிருக்கிறது. அடுப்படிக்குள் காலெடுத்து வைக்காத மனிதர், செம்பைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக உள்ளே வந்து நின்றார். எங்கள் தட்டுகளைப் பார்த்தார். அத்தை முந்தானையால் தட்டை மறைத்தாள். அது இன்னும் மோசமாகப் போயிற்று.

"என்னட்டி அது?"

"ஒண்ணுமில்ல. நீங்க போங்க, தண்ணி கொண்டாரேன்."

"சோறு எங்க?"

"உங்களுக்கு ராத்திரிக்கு இருக்கு."

"எனக்கு இருக்கு. உங்களுக்கு?"

அத்தை முந்தானையை இன்னும் இழுத்துத் தட்டை மூடினாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எத்தன நாளா நடக்கு இது?"

"ரேஷன்ல சோளம் போட்டதுல இருந்து" என்றேன் நான். யாராவது ஒருவர் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அவர் தண்ணீர் குடிக்காமலே திரும்பிப் போனார். விக்கல் நின்றுவிட்டிருந்தது. அன்று ராத்திரி அடுப்படி வாசலில் பலகையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "சட்டியில உள்ளத மூணாப் பிரி. சோறும் மூணு, களியும் மூணு" என்றார். அத்தை அழுதாள், கெஞ்சினாள். "தீர்ப்பு சொல்லியாச்சு. இனி அப்பீல் கிடையாது" என்று சொல்லிவிட்டுக் களியை எடுத்து வாயில் போட்டார்.

நியாயம் அவர் பக்கம் இருந்தது. வயிறு அவர் பக்கம் இல்லை. அவருக்குப் பின்பற்கள் ஏற்கெனவே போயிருந்தன. பத்து நாளில் வயிற்றுவலி வந்தது. சாப்பிடுவதைக் குறைத்தார். சட்டைக்குள் தோள் எலும்பு தெரிய ஆரம்பித்தது. அந்த நாட்களில் புளியறை வழியாக மலையாளத்துக்கு ராத்திரியோடு ராத்திரியாக அரிசி மூட்டை போய்க்கொண்டிருந்தது. அதில் கொஞ்சம் வீட்டில் இறக்கித் தருவதாகத் தெரிந்தவர் ஒருவர் வந்து சொன்னார். மாமா வேலையில் இருந்தபோது அதே பாதையில் எல்லைச் சாவடிக் காவல் நின்றவர். வந்தவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவைக்கச் சொன்னார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அந்தச் சீசனில் நான் குற்றாலத்தில் ஒரு பங்களாவுக்குத் தையல் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். நான் போவது மாமாவுக்குப் பிடிக்கவில்லை, தடுக்கவும் இல்லை. சாரல் தொடங்கினால் வெள்ளைக்காரர்கள் குடும்பத்தோடு வந்து தங்குவார்கள். இந்தப் பங்களாவில் இருந்தவள் ஒரு மிஷன் டாக்டரின் மனைவி. என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். முன்ஷி வைத்துத் தமிழ் படித்தவள். அதனால் புத்தகத்தில் இருப்பதுபோல் பேசுவாள். என்னையும் 'நீங்கள்' என்பாள்.

ஒரு நாள் மத்தியானம் பின்வாசலில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தேன். அவள் வந்து எட்டிப் பார்த்தாள்.

"நீங்கள் உண்பது என்ன?"

"மக்காச்சோளக் களி."

"ஏன் முகத்தை அப்படி வைத்திருக்கிறீர்கள்?"

இருந்ததைச் சொன்னேன். களியை, மாமாவின் வயிற்றை, எல்லாவற்றையும். கேட்டுவிட்டு, "சுண்ணாம்பு போடவில்லையா?" என்றாள்.

அவள் வேறு ஏதோ சொல்ல நினைத்துத் தவறான வார்த்தையைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் வெள்ளையடித்த சுவரைத் தொட்டுக் காட்டினாள். "இது. இந்தச் சுண்ணாம்பு."

அப்புறம் விவரம் சொன்னாள். அவள் பிறந்தது மெக்சிகோ என்ற தேசத்தில். அவளுடைய அப்பா அங்கே ரயில் பாதை போடுகிற வேலையில் இருந்தாராம். அங்கே எல்லாருக்கும் இந்தச் சோளம்தான் சோறு. சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, தோலைக் கழுவிவிட்டு, அரைத்து, மெல்லிய ரொட்டியாகச் சுடுவார்கள். அதை மிளகாய்க் குழம்பில் தோய்த்து, உள்ளே கறி வைத்துச் சுருட்டி, மேலே பாலாடைக்கட்டி தூவுவார்கள். என்சிலாடா என்று பெயர். ஆனால் அவள் ஒரு நாளும் அதைச் சமைத்ததில்லை. சமையல்காரி செய்வதை ஒன்பது வயதுவரை பார்த்திருக்கிறாள். எவ்வளவு சுண்ணாம்பு, எவ்வளவு நேரம் என்றெல்லாம் கேட்டால் கையை விரித்தாள்.

"வாசனை மட்டும் நினைவிருக்கிறது" என்றாள்.

மறுநாள் கொஞ்சம் சோளம் கொண்டுபோனேன். பங்களாச் சமையல் கட்டில் இரண்டு பேருமாகச் செய்து பார்த்தோம். அவள் ஒரு கரண்டி நிறையச் சுண்ணாம்பு போட்டாள். சோளம் நன்றாக வெந்தது, தோலும் கழன்றது. அரைத்துச் சுட்டுத் தின்றதில் இரண்டு பேருக்கும் நாக்கு வெந்துபோயிற்று. அவள் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் வீணாகப் போன சோளத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். "சுண்ணாம்பத் திங்கச் சொல்லுதாளா அவ?" என்றாள் அத்தை. அவள் வாயில் வெற்றிலை இருந்தது. நான் அவளுடைய சுண்ணாம்பு டப்பாவைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே டப்பாவை என் பக்கம் தள்ளினாள்.

இந்தத் தடவை ஒரு படி சோளத்துக்குச் சின்ன நெல்லிக்காய் அளவு சுண்ணாம்பு கரைத்துவிட்டோம். கொதித்ததும் தண்ணீர் மஞ்சளாக மாறியது. மண் நனைந்தாற்போல் ஒரு வாசனை வந்தது. இறக்கி ராத்திரி முழுவதும் அப்படியே மூடிவைத்தோம். காலையில் மணிகளைக் கையால் பிசைந்தால் தோல் வழுவழுவென்று தனியாக வந்தது. தண்ணீர் தெளிகிறவரை கழுவிக்கொண்டே இருந்தேன். அப்புறம் அம்மியில் வைத்துக் கெட்டியாக அரைத்தேன். அரைக்கும்போதே வித்தியாசம் தெரிந்தது. முன்பு மணல் மாதிரி உதிர்ந்த மாவு இப்போது பிடித்தால் பிடிபட்டது. வாழையிலையில் தட்டித் தோசைக்கல்லில் எண்ணெய் இல்லாமல் போட்டேன். வெந்த ரொட்டியைச் சுருட்டினேன். ஒடியவில்லை.

கறிக்குப் பதிலாகத் தட்டப்பயறு. குத்துக்கல்வலசையிலிருந்து கூடையில் கொண்டுவந்து விற்பவளிடம் அது மலிவாகக் கிடைத்தது. வேகவைத்து, ஒன்றிரண்டாக மசித்து, சின்ன வெங்காயமும் கொல்லை முருங்கையில் பறித்த கீரையும் போட்டு வதக்கிக்கொண்டேன். குழம்புக்கு மிளகாய் வத்தலை வெந்நீரில் ஊறவைத்து, பூண்டு, சீரகம் சேர்த்து விழுதாக அரைத்து, கொஞ்சம் புளி விட்டுக் கொதிக்கவைத்தேன். ரொட்டியைக் குழம்பில் புரட்டி, பயறை வைத்துச் சுருட்டி, மண்சட்டியில் நெருக்கி அடுக்கி, மிச்சக் குழம்பை மேலே ஊற்றினேன். பாலாடைக்கட்டிக்கு எங்கே போக? தேங்காய் துருவித் தூவினேன். சட்டியை மூடித் தணலில் வைத்து, மூடியின் மேலும் நாலு கங்கு போட்டேன்.

மாமா உட்கார்ந்தார். தட்டில் இருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்ன இது, சுருட்டு மாதிரி இருக்கு?"

"சோளந்தான் மாமா."

"சோளமா?" என்று கேட்டுவிட்டு விரலால் அமுக்கிப் பார்த்தார். மெத்தென்று இருந்தது. ஒன்றைத் தின்றார். அடுத்ததை எடுத்தார். அத்தை அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவதை முடித்த பிறகு, "இதுக்கு என்ன பேரு?" என்று கேட்டார். சொன்னேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார், வரவில்லை. "கெடக்கு. சுருட்டு ரொட்டின்னே இருக்கட்டும்" என்றார்.

அன்று ராத்திரி அவருக்கு வயிறு வலிக்கவில்லை. மறுநாளும் வலிக்கவில்லை. அத்தை அதற்குத் திருமலை முருகனைக் காரணம் சொன்னாள். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

விஷயம் தெருவில் பரவியது. பரப்பியவர் மாமாதான். அவரோடு வேலை பார்த்த ஒருவரை வீட்டுக்கே கூட்டிவந்து சாப்பிடவைத்தார். பெண்கள் வந்து கேட்டுக்கொண்டு போனார்கள். அடுத்த தெருவில் ஒருத்தி, சுண்ணாம்பு கூடப் போட்டால் ருசி கூடும் என்று நினைத்து அள்ளிப் போட்டுவிட்டாள். வீட்டில் ஐந்து பேருக்கு வாய் புண்ணாகி, அவள் மாமியார் எங்கள் வாசலுக்குச் சண்டைக்கு வந்தாள். மாமா எழுந்து போய், "எவ்வளவு போட்டீங்கன்னு மொதல்ல சொல்லுங்க ஆச்சி" என்று விசாரணையைத் தொடங்கினார். அவள் அளவைச் சொன்னதும் வந்த வழியே திரும்பினாள்.

சாரல் முடிந்து பங்களாவைக் காலி செய்வதற்கு முன்னால், அந்த அம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிடவேண்டும் என்று கேட்டாள். ஜட்கா வண்டியில் வந்து இறங்கினாள். மாமா கோட்டுப் போட்டு நின்றார். உட்கார நாற்காலி கொடுத்ததை மறுத்துவிட்டு எங்களோடு தரையில் உட்கார்ந்தாள். முழங்கால் மடங்காமல் சிரமப்பட்டாள்.

முதல் வாய் வைத்ததும் நிறுத்திவிட்டாள். நான் உப்பு கூடிவிட்டதோ என்று நினைத்தேன்.

"அது இல்லை" என்றாள்.

"எது?"

"அங்கே உண்டது இது இல்லை. இது வேறு. தேங்காய் இருக்கிறது. புளி இருக்கிறது. நான் நினைத்துக்கொண்டிருந்தது வரவில்லை."

அத்தை என்னைப் பார்த்து, "என்ன சொல்லுதா? நல்லா இல்லையாமா?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்காம். அவங்க ஊருல தின்ன மாதிரி இல்லையாம்."

"அது எப்படி இருக்கும்?" என்றாள் அத்தை. விருந்தாளியின் தட்டில் இன்னும் இரண்டு வைத்தாள்.

அந்த அம்மாள் இரண்டையும் சாப்பிட்டாள். அவளுடைய அம்மா மெக்சிகோவிலேயே காய்ச்சலில் இறந்துபோனதாகவும், அதற்கடுத்த மாதம் அப்பா குடும்பத்தோடு அமெரிக்காவுக்குத் திரும்பிவிட்டதாகவும், சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். குரலில் மாற்றம் ஏதும் இல்லை. கை கழுவிவிட்டு, எல்லாருக்கும் தனித்தனியாக வணக்கம் சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த சீசனில் அந்தப் பங்களாவுக்கு வேறு குடும்பம் வந்தது.

யுத்தம் முடிந்து என் கணவர் திரும்பினார். ஆளே கறுத்து, காது சற்று மந்தமாகி இருந்தார். அத்தை திருமலைக்குப் போய் நேர்ச்சையை முடித்துவிட்டு வந்து கறி வாங்கச் சொன்னாள். அந்த அம்மாள் சொன்ன முறைப்படி கறி வைத்தும் ஒரு தடவை சுருட்டிப் பார்த்தேன். என் கணவர், இத்தனை வருஷம் கேம்பில் ரொட்டிதான் தின்றேன், எனக்குச் சோறு போடு என்றார். மாமா ஒன்றைத் தின்றுவிட்டு, பயறே தேவலை என்றார். மிச்சத்தை அத்தையும் நானும் சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது.

சோளம் அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் கடையில் வந்துகொண்டிருந்தது. பிறகு கோதுமை வந்தது. எந்த மாதத்தோடு சோளம் நின்றது என்பதை எங்கள் வீட்டில் யாரும் கவனிக்கவில்லை.