சாப்பிடாமல் போன கேப்டன்

எங்கள் வீட்டு டிவியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு விண்வெளித் தொடர் வரும். இந்தியில். கச்சிராயபாளையத்தில் எங்கள் தெருவில் ஒருத்தருக்கும் இந்தி தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. ஆனாலும் அவள்தான் கதை சொல்வாள்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று அப்பா அவளை சின்னசேலத்திலிருந்து அழைத்து வந்திருந்தார். அங்கே அவள் மாமியார் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி நர்சம்மா இருந்தார். எங்கள் ஊரிலிருந்து ஆஸ்பத்திரி என்றால் கள்ளக்குறிச்சிக்குத்தான் போகவேண்டும். முறை முறைதான் என்று எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன், அக்கா வருகிறாளே என்ற ஆசையில்.

திரையில் கிரகங்கள் வெடிக்கும். கேப்டன் தலைக்கவசம் மாட்டுவான். அவன் மகள் ஏதோ சொல்வாள்.

"இன்னாடி சொல்றா?" என்பார் அப்பா.

"சாப்ட்டு போங்கன்றாப்பா."

எந்த வாரம் கேட்டாலும் இதேதான். தொடரில் முக்கால்வாசி சண்டை, அக்கா வாயில் முக்கால்வாசி வீடு. அப்பா வயிறு குலுங்கச் சிரிப்பார்.

அப்போதுதான் இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடுபிடித்தது. படிப்பும் வேலையும் கேட்ட போராட்டம். அதை நான் இன்றும் குறை சொல்லமாட்டேன். மறியல் அன்று விடிந்ததும் அப்பா கோடாலியோடு கிளம்பினார்.

"சாப்ட்டு போங்கப்பா" என்றாள் அக்கா.

"வந்து சாப்புடறேன்" என்று திரும்பிப் பார்க்காமலே போய்விட்டார்.

பத்து மணிக்கு அக்காவுக்கு வலி கண்டது. பக்கத்துத் தெரு கரும்புக்காரர் காரை எடுத்தார். ஊரைத் தாண்டியதும் ரோட்டின் குறுக்கே புளியமரம் கிடந்தது. அதன் மேல் அப்பா உட்கார்ந்திருந்தார். காரில் யார் என்று பார்த்ததும் குதித்து ஓடிவந்தார். தான் வெட்டிய மரத்தைத் தானே கட்டிப்பிடித்துத் தள்ளினார். கூட இருபது பேர் தள்ளியும் அசையவில்லை. அதற்கப்பால் இன்னும் மரங்கள் கிடந்தன. கட்டில் கொண்டுவரச் சொல்லி, அக்காவைப் படுக்கவைத்து, கரும்புத் தோட்டத்து வாய்க்கால் வழியாகத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கட்டிலின் முன்கால் பக்கம் அப்பா.

ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது அக்காவும் இல்லை, வயிற்றுப் பிள்ளையும் இல்லை.

அப்பாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு மட்டும் கேட்கவேண்டும் போல் ஆத்திரமாக இருந்தது. ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

பிறகு ஒரு ஞாயிறு அவராகவே டிவியைப் போட்டார். சண்டை முடிந்து கேப்டன் திரும்பியிருந்தான். எதிரே மகள் நின்று ஏதோ சொன்னாள்.

அப்பா என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "இன்னா சொல்றா?"

வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

"சாப்ட்டிங்களான்னு கேக்கறாப்பா."

அப்பா துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார்.