ரஷீத் பாயின் காலி அட்டை

மெத்தையின் கடைசித் தையல் நூலைப் பல்லால் கடித்து அறுத்ததும் அப்துல் ரஷீத் அதன்மேல் ஏறிப் படுத்துவிடுவார். காரிமங்கலம் சந்தையில் வாங்க வந்தவர்கள் காத்து நிற்க வேண்டும். "நான் தூங்கிட்டா மெத்தை பாஸுங்க. தூக்கம் வரலைன்னா பிரிச்சு மறுபடி தெக்கணும்" என்பார். என் கல்யாண மெத்தையில் முக்கால் மணி நேரம் குறட்டை விட்டார். எழுப்ப மனம் வராமல் நானும் மாமனாரும் டீ குடித்துவிட்டு வந்தோம். அந்தத் தூக்கத்தைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது.

மகள் மெஹ்ஜபீனை ஓசூரில் கட்டிக்கொடுத்த வருஷம் அந்தத் தூக்கம் போயிற்று. யாரோ ஒரு தூக்க மாத்திரை சொன்னார்கள். டாக்டர் சீட்டெல்லாம் கிடையாது. தீர்ந்த அட்டையை மருந்துக் கடையில் நீட்டுவார், புது அட்டை வரும். ஆறு வருஷம் இப்படியே. சந்தையில் மெத்தைமேல் குறட்டையில்லாமல் சும்மா கண்ணை மூடிக் கிடந்தார். அவர் குறட்டை எனக்குத் தெரியாதா?

போன வருஷம் உடம்பெல்லாம் அரிப்பு. பஞ்சுத் தூசி என்றார். கண் மஞ்சளானதும் கீழாநெல்லி அரைத்துக் குடித்தார். அரிப்பில் தூக்கம் கெடுகிறதென்று ஒரு மாத்திரைக்கு இரண்டாகப் போட்டார். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

"ஈரல்ல இருந்து பித்தம் வர்ற கொழா புண்ணாயிச் சுருங்கிருச்சாங்க. இந்த மாத்திரையாத்தான் இருக்கும்னாரு டாக்டரு. இன்னும் போட்டா ஈரலே போயிருமாம்" என்றார் அவர் மனைவி ஹசீனா.

டாக்டர் மாத்திரையைக் குறைத்துக் குறைத்து நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது. கண்ணில் மஞ்சள் போய்விட்டது. தூக்கம்தான் இல்லை. மாத்திரையின் பேர்கூட பாய்க்குத் தெரியாது. ஆனால் அவர் தையல் ஊசி டப்பாவில் ஒரு காலி அட்டை கிடந்ததை நான் பார்த்திருந்தேன். மருந்துக் கடை சந்தைக்கு எதிரிலேயே இருக்கிறது.

இந்த வாரம் கோவிந்தம்மாள் தன் பேத்திக்கு மெத்தை வாங்க நின்றிருந்தார். பாய் படுத்தார், புரண்டார், முழங்கையைச் சொறிந்தார், எழுந்துவிட்டார்.

"மெத்த நல்லாத்தான இருக்குது பாய்?"

"எனக்கு வரலைங்களே."

ஊசி டப்பாவைத் திறந்து அட்டையை எடுத்தார். எதிர்க் கடையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மெத்தைத் துணி வெட்டும் கத்தரியால் அட்டையைப் பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டார். பிறகு அதே கத்தரியால், ஒரு குறையும் இல்லாத அந்த மெத்தையின் முதல் தையலைப் பிரித்தார்.