மனுஷிக்கு ஒரு தொழில்தானாம்

டொரொண்டோவில் வளர்ந்த ஆட்கள் சனிக்கிழமையானால் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டுகிறார்கள். பகடைக்கு இருபது முகம். ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடன் என்று காகிதத்தில் எழுதிவைத்துக்கொண்டு பூதங்களோடு கற்பனைச் சண்டை. முதியோர் இல்லச் சமையலறையில் என்னோடு வேலை செய்யும் கெவின்தான் என்னை அழைத்துப் போனான். விளையாட்டை நடத்துவதும் அவனே. என்ன ஆளாக இருக்கப் போகிறாய் என்று கேட்டான். வாள் வீசுவேன், வைத்தியமும் பார்ப்பேன் என்றேன். எனக்கு விதி புரியவில்லை என்று நினைத்து, காது கேளாதவளிடம் சொல்வதுபோல உரக்கச் சொன்னான்: "மனிதர் என்றால் ஒரு தொழில்தான். இரண்டு வேண்டுமென்றால் பாதி எல்ஃப் ஆகிவிடு." எல்ஃப் என்றால் கூர்க்காதுக் காட்டு இனமாம். அதிலும் பாதி! எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

காரணம் உண்டு. இரத்தினபுரிப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் நான் பால் வெட்டினேன். விடியலில் மரங்களைச் சீவி, வடிந்த பாலைச் சேர்த்து ஊற்றிவிட்டு, சிங்களம் தெரியாத எங்கள் பெண்களை பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் அவர்களுக்காக டாக்டரிடம் பேசுவேன். பக்கத்து லயத்து வீட்டு வரிசையில் இருந்த முத்துலெட்சுமி அக்காவுக்குப் பிரசவம் சிக்கலான அன்றும் என் மரங்கள் அத்தனையும் முடித்துத்தான் போனேன். ஆனாலும் கணக்கப்பிள்ளை செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் எனக்கு அரைப்பேர் போட்டிருந்தார். பாதி நாள்தான் வேலை செய்தேனாம், கூலியும் பாதிதானாம்.

"பால் முழுசா ஊத்திட்டுத்தானேங்க போனேன்?"

"நீ பால் வெட்டுறவளா, நர்சம்மாவா? ஒன்னச் சொல்லு."

"ரெண்டுந்தாங்க ஐயா. அரைப்பேர் போட்டா நான் அரை ஆளாயிருவேனா?"

அவர் திருத்தவில்லை. அக்காவும் பிள்ளையும் பிழைத்தார்கள். நானும் ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்தவில்லை.

இங்கேயும் விடுகிறார்களா? தமிழ்க் கடையில் என் பேச்சைக் கேட்டதும் யாழ்ப்பாணத்து அம்மா, "இந்தியாவோ பிள்ளை?" என்கிறார். இரத்தினபுரி என்றால், "அங்கயும் தமிழாக்கள் இருக்கினமோ?" இருக்கிறோம் அம்மா, நாலு தலைமுறையாக இருக்கிறோம்.

அதனால் கெவினிடம் சொல்லிவிட்டேன், மனுஷியாகவே இருப்பேன், இரண்டு வேலையும் செய்வேன் என்று. புத்தகத்தைப் புரட்டினான், தலையைச் சொறிந்தான். சரி, ஆனால் கிடைக்கும் புள்ளிகள் இரண்டு தொழிலுக்கும் பாதி பாதியாகப் பிரியும் என்றான். மறுபடியும் அரைப்பேர்! போட்டுக்கொள் என்றேன். காகிதத்தில் தொழிலுக்கு ஒரே ஒரு கட்டம். 'வாள்காரி' என்று எழுதியதும் இடம் முடிந்துவிட்டது. நடுவில் கோடு போட்டுச் சின்னதாக எழுதச் சொன்னான். நான் கோடு போடவில்லை. 'வைத்தியக்காரி' என்பதைக் கட்டத்துக்கு வெளியே, அதே பெரிய எழுத்தில் எழுதினேன்.

"வெளியே எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள்" என்றான் கெவின்.

அடிபட்டு விழுகிறவன் படிப்பான் என்று சொல்லி, பகடையை உருட்டினேன்.